ஒரு வண்டி விறகு என்றால் எத்தனை கிலோ?

பெங்களூரில் கேஸ் இல்லாத சமையலறை இன்று அபூர்வம். அதற்காக விறகு ஊரை விட்டுப் போய்விடவில்லை. சிவாஜி நகர், அல்சூர் பக்கம் விறகடுப்பில் தம் போட்டால்தான் பிரியாணி என்று பிடிவாதமாக இருக்கும் கடைகள் உண்டு. கல்யாணச் சமையல்காரர்கள் பெரிய அண்டாவுக்கு இன்னும் விறகைத்தான் நம்புகிறார்கள். ஆடி வந்தால் அம்மன் கோயிலில் கூழ் காய்ச்ச வேண்டும், தை பிறந்தால் வாசலில் பானை ஏற்ற வேண்டும். அப்புறம், சுடுகாடும் இருக்கிறது. இத்தனை பேர் வாங்கும் பொருளுக்கு விலை கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணா, விறகு என்ன விலை?”

“கட்டு இவ்வளவு, ஆட்டோ லோடு இவ்வளவும்மா.”

“ஒரு கட்டு எத்தனை கிலோ வரும்?”

“வழக்கமா கட்டுற கட்டுதாம்மா.”

இந்த ‘வழக்கமா’ என்ற பதிலைச் சட்டம் ஏற்பதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள அதிகம் படிக்க வேண்டியதில்லை, இரண்டு பிரிவுகள் தெரிந்தால் போதும்.

விறகுக்கென்று தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. தங்கத்திலிருந்து ஜல்லிவரை எல்லாவற்றுக்கும் பொதுவானது சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009. இது 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு 1976-லும் 1985-லும் போட்ட இரண்டு சட்டங்கள் இருந்தன. இது வந்ததும் அவை போயின. சட்டம் மத்திய அரசுடையது. கடை கடையாகப் போய்ப் பார்ப்பது, முத்திரை குத்துவது, வழக்குப் போடுவது எல்லாம் மாநில அரசின் வேலை. அதற்காகக் கர்நாடகம் 2011-லேயே தனக்கான அமலாக்க விதிகளைக் கொண்டுவந்தது.

இந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்வது இது: வாயால் விலை சொன்னாலும், போர்டில் எழுதினாலும், பில்லில் போட்டாலும், விளம்பரம் செய்தாலும் அளவைச் சட்டப்படியான அலகில்தான் சொல்ல வேண்டும். எடை என்றால் கிலோகிராம், நீளம் என்றால் மீட்டர், கன அளவு என்றால் கனமீட்டர். எண்ணிக்கையும் உண்டு. இதில் கட்டு எங்கே வருகிறது, லோடு எங்கே வருகிறது? எங்கேயும் இல்லை. ‘பத்துக் கட்டு என்பதும் எண்ணிக்கைதானே’ என்று ஒருவர் வாதாடலாம். தேங்காய்க்கும் முட்டைக்கும் எண்ணிக்கை பொருந்தும். ஒரு கட்டில் எட்டுக் கிலோவும் அடுத்த கட்டில் பதிமூன்று கிலோவும் இருக்கிற பொருளுக்கு எண்ணிக்கையால் என்ன பயன்? திடப்பொருளை எடையில் விற்க வேண்டும் என்பதே பொது வழக்கம். கீரைக்கட்டு விற்கும் பாட்டி மேல் எந்த இன்ஸ்பெக்டரும் வழக்குப் போடப் போவதில்லை, போடவும் கூடாது. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து விறகு வாங்குகிறவர் ‘கிலோவில் சொல்லுங்கள்’ என்று கேட்பதற்குச் சட்டத்தின் ஆதரவு முழுமையாக இருக்கிறது.

அடுத்தது 12-ஆம் பிரிவு. எனக்கு இந்தச் சட்டத்திலேயே பிடித்தது இதுதான். பேசிய அளவைவிடக் கூடுதலாக வாங்கவோ குறைவாகக் கொடுக்கவோ இடம் தரும் எந்த வழக்கமும் செல்லாது என்று இது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. இது வாங்குகிறவரை மட்டும் காப்பதில்லை. கோலார் பக்கமோ ஓசூர் பக்கமோ தைலமரம் வெட்டி விற்கும் விவசாயியிடம் ‘டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு’ என்று எடையில் வெட்டுகிற வியாபாரிக்கும் இதே பிரிவுதான் குறுக்கே நிற்கிறது. ஈரம் அதிகம் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம், அது வியாபாரம். ஆயிரம் கிலோவை 950 கிலோ என்று எழுதுவது வேறு.

கிலோ நமக்குப் பழகிப்போனதால் இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். நம் தாத்தா காலத்தில் விறகு வீசையிலும் மணங்கிலும் விற்றது. சென்னைக் கணக்கில் எட்டு வீசை ஒரு மணங்கு; அது 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வட இந்தியாவிலும் மணங்கு உண்டு, ஆனால் அது 37 கிலோவைத் தாண்டும். இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1956-இல் எடையளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக அறிமுகமாகி, 1962 ஏப்ரலில் எடைக்குக் கிலோ மட்டும்தான் என்று ஆனது.

சரி, கடைக்காரர் கிலோவில் தர ஒப்புக்கொண்டுவிட்டார். இனி தராசைப் பார்க்க வேண்டும். வியாபாரத்தில் பயன்படும் எந்தத் தராசையும் எடைக்கல்லையும் எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிட்டிருக்க வேண்டும். இரும்பு எடைக்கல்லில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் அடைத்திருப்பார்கள். அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை. ஈயம் இல்லாத கல் என்றால் சந்தேகப்படலாம். படிக்கல்லுக்குப் பதில் செங்கல்லையோ இரும்புத் துண்டையோ வைப்பது நேரடியாகவே குற்றம். முத்திரையில் ஆண்டும், அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதைக் காட்டும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். எடைக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இந்த முத்திரை 24 மாதம் செல்லும், மின்னணுத் தராசுக்கும் லாரி எடை போடும் மேடைக்கும் 12 மாதம்தான். சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பதும் விதி. சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மின்னணுத் தராசின் உடம்பில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. அதில் மேக்ஸ், மின் என்று இரண்டு எண்களும், ‘ஈ’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துக்கு எதிரே ஒரு எண்ணும் இருக்கும். முதலிரண்டும் அந்தத் தராசு சரியாக நிறுக்கக்கூடிய அதிகபட்ச, குறைந்தபட்ச எடை. மூன்றாவது, அது எத்தனை நுணுக்கமாக நிறுக்கும் என்பதற்கான அளவு. விறகுக்கடையிலும் காய்கறி மண்டியிலும் இருப்பவை பெரும்பாலும் மூன்றாம் வகுப்புத் தராசுகள். இந்த வகுப்பில் குறைந்தபட்ச எடை அந்த மூன்றாவது எண்ணின் 20 மடங்கு. இந்தக் கணக்கு எதற்கு என்பது லாரி மேடைக்குப் போனால்தான் விளங்கும்.

பெரிய டிப்போக்களில் விறகைத் தனித்தனியாக நிறுக்க மாட்டார்கள். வண்டியை வெறுமையாக ஒருமுறை, விறகோடு ஒருமுறை எடை மேடையில், அதாவது வே பிரிட்ஜில், ஏற்றி இறக்குவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விறகின் எடை. பத்து டன் லாரிக்கு இது சரியான வழி. குட்டி யானைக்கும் ஆட்டோவுக்கும் இது சரிப்படுமா? ஐம்பது டன் வரை தாங்கும் மேடையில் நுணுக்க அளவு 10 கிலோவாக இருப்பது சாதாரணம். அப்படியானால் 200 கிலோவுக்குக் கீழே அதில் நிறுக்கவே கூடாது. ஒரு டன், இரண்டு டன் எடையில் அந்த மேடை பத்துக் கிலோ முன்பின் காட்டினாலும், பயன்பாட்டில் இருக்கும் கருவிக்கு விதி அதை அனுமதிக்கிறது. வெறும் வண்டியில் பத்துக் கிலோ, நிறைந்த வண்டியில் பத்துக் கிலோ, இரண்டும் உங்களுக்கு எதிராகவே விழுந்தால் இருபது கிலோ போச்சு. யாரும் ஏமாற்றவில்லை, மேடையும் பழுதில்லை, முத்திரையும் சரி, ஆனாலும் 700 கிலோ விறகில் 20 கிலோ காணாமல் போகலாம்.

அதே 700 கிலோவை 300 கிலோ தாங்கும் தரைத் தராசில் ஐம்பது ஐம்பது கிலோவாகப் பதினான்கு முறை நிறுத்துப் பாருங்கள். 50 கிராம் நுணுக்கமுள்ள தராசு என்றால் ஒவ்வொரு நிறுவையிலும் விதி விடும் பிழை நூறு கிராம்தான். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் மொத்தத்தில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. வேலை அதிகம், கடைப் பையன் முணுமுணுப்பான். ஆனால் ஒரு டன்னுக்குள் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தரைத் தராசில் போடச் சொல்லுங்கள்.

மேடையில்தான் போட்டாக வேண்டும் என்றால் சில தந்திரங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. விறகோடு நிறுக்கும்போது டிரைவர் வண்டிக்குள், வெறும் வண்டியை நிறுக்கும்போது டிரைவர் டீக்கடையில். இதிலேயே எழுபது கிலோ வந்துவிடும். ஸ்டெப்னி, தார்ப்பாய், ஜாக்கி எல்லாம் இப்படி வண்டிக்குள்ளும் வெளியேயும் நடமாடும். வெறும் வண்டி எடைக்குப் பழைய சீட்டைக் காட்டி ‘எப்பவும் இதே எடைதான்’ என்பார்கள். அன்றைக்கே, அதே மேடையில் நிறுத்த இரண்டு சீட்டுகள் கேளுங்கள். அவற்றில் வண்டி எண்ணும் நேரமும் அச்சாகியிருக்க வேண்டும். சக்கரம் நான்கும் மேடைக்குள் இருக்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள்.

இதுவரை சொன்னது எடை. விறகு வாங்குகிறவர் உண்மையில் நஷ்டப்படுவது பெரும்பாலும் எடையில் இல்லை, ஈரத்தில். இங்கேதான் சட்டம் நின்றுவிடுகிறது. தராசு மரத்தை மட்டும் நிறுப்பதில்லை, மரத்துக்குள் இருக்கும் தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறது. வெட்டிய கையோடு வரும் பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். வெயிலும் காற்றும் படப் பல மாதம் அடுக்கி வைத்தால் அது 15, 20 சதவீதத்துக்கு இறங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். நூறு கிலோ விறகு வாங்குகிறீர்கள், அதில் 40 சதவீதம் ஈரம். உண்மையான மரம் 60 கிலோ. அதே விறகு 15 சதவீத ஈரம் வரை காய்ந்தால் அதன் எடை 70 கிலோவுக்குச் சற்று மேல். கிலோ பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ரூபாயில் முந்நூறு ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கியிருக்கிறீர்கள். பணம் போனதோடு முடிவதில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுவதும் அடுப்பின் வேலையாகிறது. அதற்கும் அந்த விறகின் சூடுதான் செலவாக வேண்டும். கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் 40 சதவீத ஈரமுள்ள விறகு, காய்ந்த விறகின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் தரும். மிச்சமெல்லாம் புகை. கல்யாண வீட்டில் சாம்பார் கொதிக்க நேரமானால் சமையல்காரரைத் திட்டுகிறார்கள். பாதி நேரம் குற்றம் விறகுடையது.

ஈரத்துக்கு இவ்வளவு சதவீதம்தான் இருக்கலாம் என்று நம் எடையளவுச் சட்டத்தில் எல்லை எதுவும் இல்லை. நூறு கிலோ என்று சொல்லி நூறு கிலோ கொடுத்தால் அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. ஆகவே ஈரத்தைப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு. காய்ந்த விறகின் வெட்டுமுனையில் மையத்திலிருந்து வெடிப்புகள் ஓடும். பட்டை தானாக உரியும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும், பச்சை மரம் மந்தமாகச் சத்தம் போடும். மேல்வரிசை மட்டும் காய்ந்து அடியில் பச்சை இருப்பது பழைய வித்தை, ஆகவே நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். தடிமனான கட்டையைப் பிளக்காமல் விட்டால் உள்ளே ஈரம் மாதக்கணக்கில் தங்கும். பிளந்த விறகாகக் கேட்டு வாங்குவது மேல். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் எப்போது மழை வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதங்களில் தார்ப்பாய் போடாத டிப்போவில் எடைக்கு வாங்காதீர்கள்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் விறகை எடையில் விற்காமல் கன அளவில் விற்கச் சொல்கிறார்கள். ‘கார்ட்’ என்பது அந்த அளவு: நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம், எட்டு அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய விறகு, 128 கன அடி. கனடாவிலும் அதே கணக்குதான். மரம் காயும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சுருங்கும், ஆகவே அங்கே தண்ணீருக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. ஆனால் கன அளவிலும் ஓட்டை உண்டு. கோணல்மாணலான கட்டைகளைத் தளர்வாக அடுக்கினால் இடைவெளிதான் விலை போகும். நன்றாக அடுக்கிய ஒரு கனமீட்டரிலேயே மரம் அறுபது, எழுபது சதவீதம்தான், மீதி காற்று. அதனால்தான் அங்கே ‘ஒரு பிக்கப் வண்டி நிறைய’ என்று விலை சொல்வதைச் சட்டம் தடுக்கிறது. நம் ஊர் ஆட்டோ லோடுக்கு அங்கேயும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் போலும்.

இங்கே யாராவது கனமீட்டரில் விலை சொன்னால் அதுவும் சட்டப்படியான அலகுதான். அடுக்கிய கனமீட்டரா, கொட்டிய கனமீட்டரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

குளிர்காலத்தில் மொட்டைமாடியில் நெருப்பு மூட்ட ஐந்து கிலோ, பத்துக் கிலோ பையாக ஆன்லைனில் விறகு வாங்குகிறவர்களும் இப்போது உண்டு. வாங்குகிறவர் எதிரே இல்லாத நேரத்தில், முன்கூட்டியே குறித்த அளவில் அடைத்து விற்பது எதுவும் பொட்டலப் பொருள்தான்; அதற்கு 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும். அடைத்தவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதமும் ஆண்டும், வரியெல்லாம் உள்ளடங்கிய அதிகபட்ச விலை, ஒரு கிலோ என்ன விலை விழுகிறது என்ற கணக்கு, புகாருக்கான தொடர்பு விவரம் இவையெல்லாம் பையில் இருக்க வேண்டும். நிகர எடையில் பையோ அட்டைப்பெட்டியோ சேராது. கிலோ விலையைப் பார்த்தால் சிலருக்கு மயக்கமே வரும், அது வேறு கதை. கயிறு போட்டுக் கட்டிய விறகும் பொட்டலமா என்று கேட்டால் வக்கீல்கள் ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள்.

மரம் எங்கிருந்து வந்தது என்பது தனிச் சட்டங்களின் விஷயம். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தக் காம்பவுண்டில் நிற்கும் மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். சவுக்கு, தைலமரம், சூபாபுல் மாதிரி பயிராக வளர்ப்பவற்றுக்கு விலக்கு உண்டு. விறகுக்கடைகளில் இவையே அதிகம் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுடுகாட்டு விறகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு சிதைக்கு முந்நூறு கிலோவுக்குக் குறையாமல் விறகு வேண்டும். அந்த நேரத்தில் பிணத்துக்குச் சொந்தக்காரர் யாரும் தராசைப் பார்க்க மாட்டார், பேரம் பேசுவதும் அசிங்கம் என்று நினைப்பார். அந்தக் கூச்சத்தை நம்பியே சிலர் வியாபாரம் செய்கிறார்கள். தெருக்காரரோ நண்பரோ, கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒருவர், முன்னாலேயே போய் எடை போடுவதைப் பார்த்து ரசீது வாங்கிவிடுவது நல்லது. அது செத்தவருக்குச் செய்யும் அவமரியாதை இல்லை.

ரசீது என்றதும் ஒரு விஷயம். விறகுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆகவே ‘பில் வேண்டுமென்றால் வரி சேரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேதி, கிலோ, கிலோ விலை, காய்ந்த விறகு என்று பேசியிருந்தால் அந்த வார்த்தை, இந்த நான்கும் பில்லில் இருக்கட்டும். கடைசியில் சொன்ன வார்த்தைதான் ஈரத்துக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஆயுதம். காய்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பச்சையை இறக்கினால் விஷயம் எடையளவுச் சட்டத்திலிருந்து 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் போய்விடும்.

எடை குறைந்தது, முத்திரை இல்லை என்றால் எடையளவுத் துறையிடம் போக வேண்டும். கர்நாடகத்துக்கு அதன் தலைமை அலுவலகம் அலி அஸ்கர் ரோட்டில் இருக்கிறது. அலைய நேரமில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். பணம் திரும்ப வேண்டும், நஷ்டஈடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்காக வாங்குகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை, ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காகக் கடை நடத்துகிறவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. தள்ளுவண்டியில் பிரியாணி போடுகிற அண்ணனும் புகார் கொடுக்கலாம். ஆளை வைத்து நாலு கிளை நடத்துகிறவருக்கு அந்த வழி கிடைப்பது கஷ்டம். அவருக்கும் எடையளவுத் துறையின் கதவு திறந்துதான் இருக்கிறது.